ஆயுத பூஜை மேட்னியில் பேசிய மிஷின்கள்

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆயுத பூஜை நாளில் நடந்தது இது. அம்பாசமுத்திரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, வயல்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு சின்னத் தியேட்டரில் அப்போது எனக்கு வேலை. முப்பது வயது நடந்துகொண்டிருந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன எனக்கு அந்தத் தியேட்டர்தான் எல்லாம். போஸ்டர் ஒட்டுவேன். வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பேன். திருநெல்வேலிக்குப் போய், அங்கே ஓடி முடிந்த படத்தின் பெட்டியை வாங்கிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவேன்.

எனக்குக் கூச்சம் அதிகம். டிக்கெட் கிழிக்கும்போதுகூட ஆள் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையை மட்டும்தான் பார்ப்பேன். எங்கள் தியேட்டர் பக்கம் யாராவது குரல் கொடுத்தால்தான் பஸ்ஸை நிறுத்துவார்கள். "இறக்கம் இருக்கு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேறு யாராவது அங்கே இறங்கினால் அவர்களோடு இறங்கிக்கொள்வேன். ஒருவரும் இல்லையென்றால் அடுத்த ஊர் நிறுத்தம்வரை போய் இறங்கி, படப்பெட்டியைத் தலையில் சுமந்து திரும்பி நடந்து வருவேன். அந்தப் பெட்டி என்ன கனம் கனக்கும் என்று தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கனத்தைக்கூடத் தாங்கிவிடலாம், பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதைத் தாங்க முடியாது என்றுதான் அப்போது எனக்குத் தோன்றும்.

நான் வாய் திறந்து பேசுவது ஒரே ஓர் இடத்தில்தான். படம் ஓட்டுகிற கேபினில். அங்கே இருந்த ஆப்பரேட்டர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். ஆப்பரேட்டர் என்றால் தினமும் ஓசியில் படம் பார்க்கிற ஆள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவருக்கு, திரைக்கு வெளிச்சம் தருகிற கார்பன் குச்சி ஒழுங்காக எரிகிறதா, ஃபிலிம் அறுந்துவிடாமல் ஓடுகிறதா என்று பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். மிஷின் போடும் சத்தத்தில் ஒரு வசனமும் காதில் விழாது. அதனால் நான் திருநெல்வேலியில் பெட்டி வாங்கக் காத்திருக்கும் நேரத்தில் பார்த்த படத்தின் கதையை மறுநாள் அவருக்குச் சொல்வேன். கதாநாயகனுக்கு ஒரு குரல், வில்லனுக்கு ஒரு குரல், கிழவிக்கு ஒரு குரல் என்று மாற்றி மாற்றிப் பேசுவேன். அவர் கார்பனைப் பார்த்தபடியே சிரிப்பார். "ஏலே, வெளிய ஊமை மாதிரி நிக்கே, உள்ள வந்தா ஒரு டிராமா கம்பெனியே நடத்துதியே" என்பார்.

ஒன்றே ஒன்றுதான் குறை. கடைசி ரீல் ஓடும்போது திருநெல்வேலி தியேட்டர்காரர்கள் என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஓடி முடிந்த ரீல்களைப் பெட்டியில் அடுக்க வேண்டும். அதனால் பல படங்களுக்கு எனக்கு முடிவு தெரியாது. "மிச்சத்தை நம்ம ஊருல பாத்துக்கிடுவோம்" என்று ஆப்பரேட்டர் அண்ணாச்சி விட்டுவிடுவார்.

அந்த வருடம் எங்கள் தியேட்டர் நிலைமை சரியில்லை. வீடு வீடாகக் கேபிள் டி.வி. வந்துவிட்டது. முன் பெஞ்சில்கூட ஆள் இல்லாமல் படம் ஓடியது. முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "பூசைக்குப் போடுத படமும் கவுத்துட்டுன்னா, கொட்டகையை நெல்லு குடோனுக்கு விட்டுருவேன். பிறகு என்னைக் குத்தம் சொல்லக் கூடாதுவே" என்று சொல்லிவிட்டார். சும்மா மிரட்டுகிறார் என்றும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஓர் அரிசி ஆலைக்காரர் டேப்போடு வந்து, திரையிலிருந்து வாசல்வரை அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அந்த மிஷினைத் தவிர வேறு தொழில் தெரியாத ஆப்பரேட்டர் அண்ணாச்சி எங்கே போவார்? புது இடத்தில் வாய் திறந்து வேலை கேட்கத் தெரியாத நான் எங்கே போவேன்?

பூஜைக்கு முதலாளி பேசி முடித்து, முந்தின நாள் நான் போய்ப் பெட்டி எடுத்து வந்த படம் தமிழில் பேச வைத்த ஒரு வெளிநாட்டுப் பேய்ப் படம். அதில் பேய் என்று தனியாக ஒன்றும் கிடையாது. மிஷின்கள்தான் பேய். மலையடியில் ஓர் ஊர். அங்கே அணைக்குக் கீழே ஒரு மின்நிலையம். இடி விழுந்து அந்த மின்நிலையத்தின் ராட்சத மிஷினுக்கு உயிர் வந்துவிடுகிறது. அது தன் கோபத்தையெல்லாம் கரண்ட் கம்பி வழியாக ஊருக்குள் அனுப்புகிறது. மிக்ஸி, மின்விசிறி, தையல் மிஷின், துணி துவைக்கிற மிஷின் என்று வீட்டில் இருக்கிற ஒவ்வொன்றாக ஆளைக் கொல்லக் கிளம்பிவிடுகின்றன.

போஸ்டர் ஒட்டப் போன இடமெல்லாம் ஒரே ஏச்சு. சைக்கிள் கடைக்காரர், "ஆயுத பூசையும் அதுவுமா மிஷின் ஆளைக் கொல்லுத படமாவே? ஒங்க மொதலாளிக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று கேட்டார். நான் பசை வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆனால் ஏசினவர்கள் எல்லோருக்கும் ஆசை இருந்தது. பூஜையன்று காலையில் அவரவர் மிஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்தாயிற்று. அன்றைக்கு மிஷினைத் தொடக் கூடாது. வேறு வேலையும் இல்லை. மத்தியானம் பார்த்தால் லேத் பட்டறைக்காரர், தையல்காரர், டிராக்டர் டிரைவர், மாவு மில்காரர், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். அப்படி ஒரு கூட்டத்தை நாங்கள் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது. டிக்கெட் கிழித்துக் கிழித்து விரல் நுனி கறுத்துவிட்டது.

ஊரில் எல்லா மிஷினுக்கும் ஓய்வு. எங்கள் மிஷினுக்கு மட்டும் அன்றைக்குத்தான் வேலை. அதனால் படம் போடுவதற்கு முன்னால் பூஜையை முடித்துவிட வேண்டும் என்று முதலாளி தாம்பாளத்தோடு கேபினுக்கு ஏறி வந்தார். பூஜை நேரத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. சாமி வந்து பார்க்கும்போது அது சும்மா நின்றால் நன்றாக இருக்காதாம். ஆப்பரேட்டர் அண்ணாச்சி மிஷினை ஓட்டினார். முதலாளி சாம்பிராணி காட்டினார், மாலை போட்டார், சந்தனம் வைத்தார். கடைசியில் மாவிலையைத் தீர்த்தத்தில் முக்கி மிஷின் முழுவதும் பக்தியோடு தெளித்தார்.

"டப்" என்று ஒரு சத்தம் வந்தது.

ஃபிலிமின் ஓரத்தில் கோடு மாதிரி ஒன்று ஓடும். அதன் வழியாக ஒரு சின்ன பல்பின் வெளிச்சம் பாய்ந்தால்தான் பேச்சும் பாட்டும் ஸ்பீக்கரில் வரும். கொதித்துக்கொண்டிருந்த அந்தப் பல்பின் மேல்தான் தீர்த்தம் விழுந்திருந்தது. எங்களிடம் இருந்தது ஒரே மிஷின். அதற்கு அந்த ஒரு பல்பும், மாற்றுப் பல்பு ஒன்றும்தான் இருந்தன.

ஆப்பரேட்டர் அண்ணாச்சி மாற்றுப் பல்பைத் தேடினார். அது ஸ்பேனர், திருப்புளியோடு சேர்ந்து வாழை இலையில், சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள்.

"பூசையில வச்சதை இன்னைக்கு எடுக்கக் கூடாதுவே" என்றார் முதலாளி.

"எடுக்காம இருந்தா கீழ இருக்கவன் நம்மளை எடுத்துருவான் மொதலாளி" என்றார் ஆப்பரேட்டர்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு முதலாளியே எடுத்துக் கொடுத்தார். அண்ணாச்சி அவசரத்தில் வேட்டி நுனியால் ஒரு துடை துடைத்து மாட்டினார். சந்தனத்தின் ஈரம் கொஞ்சம் ஒட்டியிருந்திருக்க வேண்டும். சூடு ஏறியதும் அதுவும் "டப்" என்று போய்விட்டது.

முதலாளி தாம்பாளத்தைக் கீழே வைத்தார். அந்தப் பல்பு திருநெல்வேலியில் ஒரு கடையில்தான் கிடைக்கும். கடையும் அன்றைக்குப் பூஜைக்காகப் பூட்டியிருக்கும். கடைக்காரரை வீட்டில் போய்ப் பிடிக்க வேண்டும். "எப்பிடியாவது சமாளிச்சுக்கிடுங்க, நான் போயி வாங்கிட்டு வந்துருதேன்" என்று சொன்னவர், பின்வாசல் வழியாக ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய், கொஞ்ச தூரம் தாண்டின பிறகுதான் ஸ்டார்ட் செய்தார்.

கேபினில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். கீழே விசில் பறந்தது. மணி அடித்துப் படத்தைப் போட்டார் ஆப்பரேட்டர் அண்ணாச்சி. திரையில் மலை தெரிந்தது, மேகம் திரண்டது, மின்னல் வெட்டியது. சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு ஆரம்பித்தது.

"ஏலே, சவுண்டை வைய்யி."

"ஊமைப் படமாவே போடுதிய?"

"சத்தத்தைப் போடு, இல்ல டிக்கெட்டைத் திருப்பு."

பெஞ்சைத் தூக்கித் தரையில் அடிக்கும் சத்தம் கேட்டது. இந்தக் கூட்டம் இப்படியே கலைந்து போனால் நாளைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு அரிசி ஆலைக்காரர்தான் வருவார்.

கேபினில் அறிவிப்புச் செய்ய ஒரு மைக் உண்டு. "சைக்கிளைப் பூட்டி வைக்கவும்", "புகை பிடிக்காதீர்கள்" என்று சொல்வதற்காக வைத்திருந்தது. பல்பு போனாலும் மைக்கும் ஸ்பீக்கரும் வேலை செய்யும். ஆப்பரேட்டர் அண்ணாச்சி அதை எடுத்து என் கையில் திணித்தார்.

"நேத்து பாத்தேல்லா? சொல்லு."

மைக்கை அவரிடமே திரும்ப நீட்டினேன். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க" என்றேன்.

"எனக்குக் கதை தெரியுமாலே? ஏய், இங்க பாரு. நீ அவியளுக்குச் சொல்லாத. எனக்குச் சொல்லு. நான்தான் இன்னும் கதை கேக்கலேல்லா?"

சொல்லிவிட்டு அவர் கார்பனைப் பார்க்கத் திரும்பிவிட்டார், எப்போதும் போல. அந்த முதுகைப் பார்த்ததும்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சுவரில் இருந்த சதுர ஓட்டை வழியாகத் திரையைப் பார்த்தேன். மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

"இது ஒரு மலையடி ஊரு, அண்ணாச்சி. நம்ம பாபநாசம் மாதிரின்னு வச்சுக்கிடுங்க."

திரைக்குப் பின்னால் இருந்த பெரிய ஸ்பீக்கரிலிருந்து என் குரல் வந்தது. படத்தில் இருந்த எந்தப் பேயும் என்னை அப்படிப் பயமுறுத்தவில்லை. கீழே பெஞ்சு அடிப்பது நின்றது. பிறகு ஒருவர், "யாருவே இது?" என்றார். இன்னொருவர், "யாரா இருந்தா என்ன, கதையைக் கேளும்" என்றார்.

முதலில் மெல்லத்தான் சொன்னேன். இடி விழுந்தது, பெரிய மிஷின் முழித்துக்கொண்டது, இனி என்ன நடக்குமோ என்று. அப்புறம் மின்விசிறி வந்தது. கட்டிலில் ஒரு தடியர் மல்லாந்து தூங்குகிறார். மேலே மின்விசிறி அவரைப் பார்த்துப் பைய ஆடுகிறது. அந்த இடத்தில் தமிழ் பேசிய படத்தில் ஒரு வசனமும் கிடையாது, வெறும் இசைதான். எனக்கு இசைக்கு எங்கே போவது? மின்விசிறியையே பேச வைத்தேன். அடித்தொண்டையில் ஆரம்பித்தேன்.

"என்ன அண்ணாச்சி, நல்லாத் தூங்குதீரோ? வருசம் முச்சூடும் என்னைத் தலைகீழாத் தொங்கவிட்டுச் சுத்த வச்சுட்டு, கீழ காலை நீட்டிப் படுத்திருக்கீரு. ஒரு சொட்டு எண்ணெய் விட்டீரா? இன்னைக்கு மட்டும் வந்து சந்தனம் வைக்கீரு. நான் என்ன மாப்பிள்ளையா?"

கொட்டகை வெடித்தது போலச் சிரிப்பு. அத்தனை பேரும் அன்று காலையில்தானே அதைச் செய்துவிட்டு வந்திருந்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் மின்விசிறி கழன்று அந்தத் தடியர்மேல் விழுந்தது. சிரித்தவர்களே "ஐயோ" என்று கத்தினார்கள்.

அதற்குப் பிறகு யார் பேசினது என்று எனக்கே தெரியாது. தையல் மிஷின், "என்னை மிதிச்சு மிதிச்சுத்தான ஊருக்கே சட்டை தச்சே? எனக்கு ஒரு உறை தச்சுப் போட்டியா?" என்றது. மிக்ஸி சட்னி அரைத்த சலிப்பைச் சொன்னது. பெண்கள் பக்கம் இருந்து, "நல்லாக் கேளு, அவர்ட்ட நல்லாக் கேளு" என்று ஒரு குரல் வந்தது. ஒவ்வொரு ரீல் மாற்றும்போதும் விளக்குப் போடுவோம். அந்த நேரத்தில் கீழே இருந்து பதில் வரும். டிராக்டர் டிரைவர் எழுந்து நின்று, "நாளைக்கே ஆயில் மாத்திருதேன், என் பேச்சை எடுக்காதேயும்" என்றார். தையல்காரரை அவர் மனைவி ஒரு பார்வை பார்த்ததைச் சதுர ஓட்டை வழியாக நானே பார்த்தேன்.

ஆனால் எப்போதும் சிரிக்க வைத்தால் அது பேய்ப் படம் ஆகாதே. அடித்தளத்தில் துணி துவைக்கிற மிஷின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் காட்சி வந்தது. ஒரு பெண் விளக்கில்லாத படியில் இறங்கி வருகிறாள். நான் குரலைக் குறைத்துக்கொண்டே வந்தேன். "வாறா... ஒவ்வொரு படியா வாறா... அது மூச்சு விடாம இருக்கு..." என்று சொல்லி, அப்படியே நிறுத்திவிட்டேன். கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் தியேட்டர் மின்விசிறிகள் மட்டும் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. எண்ணெய் காணாத பழைய விசிறிகள். "கிறீச்... கிறீச்..." அந்தச் சத்தம் இவ்வளவு நாள் யார் காதிலும் விழுந்ததில்லை. ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தார்கள். விசிறிக்கு நேர் கீழே இருந்தவர்கள் பைய நகர்ந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் ஒருவர் பொறுக்க முடியாமல், "ஏலே, அந்த பேனை நிறுத்துங்கலே" என்று அழாத குறையாகச் சொன்னார். நிறுத்தினோம். வியர்த்து வழிந்தபடி மீதிப் படத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை.

ஆப்பரேட்டர் அண்ணாச்சி கடைசி ரீலை மாட்டும்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணாச்சி, இதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"எது?"

"கடைசி ரீலு. நேத்து பெட்டி அடுக்கக் கூப்பிட்டுட்டாவ."

அவர் என்னைப் பார்த்தார். ஃபிலிமைப் பார்த்தார். "நல்ல நேரம் பாத்துச் சொன்னேலே" என்று சொல்லிவிட்டு மிஷினை ஓட்டிவிட்டார்.

திரையில் மின்நிலையம். கதாநாயகனும் ஒரு பெண்ணும் உள்ளே ஓடுகிறார்கள். அவன் மாடிப்படி ஏறிக் காணாமல் போகிறான். அவளுடைய குழந்தை அந்த ராட்சத மிஷினுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு வரைக்கும் திரையில் தெரிந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். அப்புறம் அவள் மிஷினுக்கு எதிரே போய் நின்றாள். அது தீப்பொறி கக்குகிறது, நிலம் அதிர்கிறது. அவள் முகம் திரை முழுக்கப் பெரிதாக வந்தது. கண்ணீரோடு வாயைத் திறந்து பேச ஆரம்பித்தாள். பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள்.

என்ன பேசுகிறாள்? எனக்கு ஒன்றும் தெரியாது. கொட்டகை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. "சொல்லுவே, என்ன சொல்லுதா?" என்று ஒரு குரல் கெஞ்சியது. என் வாய் பழையபடி அடைத்துக்கொண்டது. இத்தனை நேரம் கட்டியதெல்லாம் இந்த இடத்தில் சரியப் போகிறது என்று நினைத்தேன்.

திரும்பி ஆப்பரேட்டர் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கடைசி ரீல் ஓடும்போது எப்போதும் செய்வதைத்தான் செய்துகொண்டிருந்தார். சூடேறிய மிஷினின் முதுகில் உள்ளங்கையை வைத்து, மாட்டைத் தட்டிக் கொடுப்பது போலத் தட்டி, "போதும் ராசா, இன்னும் கொஞ்சம்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவருக்கே அது தெரியாது. தினமும் கேட்ட எனக்கும் அன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது.

நான் மைக்கைப் பிடித்தேன். அந்தப் பெண்ணின் குரலில் பேசினேன்.

"போதும் ராசா. உன்னை நாங்க பாடாப் படுத்திட்டோம். உன் கூட்டாளி எல்லாருக்கும் இன்னைக்கு லீவு. லேத்துக்கு லீவு. தையல் மிஷினுக்கு லீவு. டிராக்டரு மாலை போட்டு நிழல்ல நிக்கு. உனக்கு மட்டும்தான் யாரும் லீவு விடலை. அந்தக் கோவம்தான உனக்கு? இந்தா, நான் விடுதேன். இன்னைக்கு உன்னை ஒருத்தரும் தொட மாட்டோம். பைய கண்ணை மூடு ராசா."

சத்தியமாக எனக்குத் தெரியாது அடுத்து என்ன வரும் என்று. நான் "கண்ணை மூடு" என்று சொல்லி வாயை மூடிய அந்த நேரத்தில், திரையில் அந்த ராட்சத மிஷினின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சக்கரங்கள் வேகம் குறைந்து, ஆடி, நின்றன. குழந்தை ஓடி வந்து தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

தகரக் கூரை அதிர்ந்தது. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். துண்டுகள் மேலே பறந்தன. லேத் பட்டறைக்காரர் திரைக்கு முன்னால் ஓடிப்போய், நின்றுபோன அந்த மிஷினுக்குச் சூடம் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆப்பரேட்டர் அண்ணாச்சி என் தோளைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார்.

கேபின் கதவு திறந்தது. முதலாளி கையில் துணி சுற்றிய பல்போடு நின்றார். "பல்பு என் கையில இருக்கு. சத்தம் எங்கன இருந்துவே வந்துது? ரோட்டு வரைக்கும் கேக்கு" என்றார். ஆப்பரேட்டர் அண்ணாச்சி என்னைக் காட்டினார். அத்தனை வருடம் வேலை பார்த்த என்னை முதலாளி அன்றைக்குத்தான் முதல்தடவை பார்ப்பது போலப் பார்த்தார்.

என்னைக் கீழே கூட்டிப் போய்க் கூட்டத்துக்குக் காட்ட வேண்டும் என்றார். நான் பின்படி வழியாக இறங்கி ஓடிவிட்டேன். பிறகு வெளியே வருகிற கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். "மெட்ராஸ்ல இருந்து ஆள் எறக்கியிருக்கானாம்லா" என்று ஒருவர் சொன்னார். "அந்த பேன் பேசுச்சு பாரு, அதுக்கே இன்னொரு தடவை பாக்கலாம்" என்றார் இன்னொருவர். தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அன்றைக்குக் குனிந்தது கூச்சத்தால் இல்லை, சிரிப்பை மறைக்க.

சாயங்காலக் காட்சிக்குப் புதுப் பல்பு போட்டு, படத்தின் சொந்தச் சத்தத்தோடு ஓட்டினோம். மேட்னி பார்த்தவர்கள் சொல்லி வந்த கூட்டம் அது, அவர்களிலேயே பாதிப் பேர் திரும்பவும் வந்திருந்தார்கள். மின்விசிறி பேசாமலே விழுந்ததும் முணுமுணுப்பு ஆரம்பித்தது. கடைசி ரீலில் அந்தப் பெண் பேசின நிஜமான வசனத்தை நானும் அப்போதுதான் கேட்டேன். "கடவுளே, காப்பாற்று" என்பதைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொல்லி அழுகிறாள். மேலே போன கதாநாயகன் ஒரு விசையை இழுக்கிறான், மிஷின் நிற்கிறது. அவ்வளவுதான்.

"இது இல்லவே, அந்த லீவு விடுத ஆளைக் கூப்பிடு" என்று கத்தினார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். மறுநாள் முதல் பேச்சு வரும் இடங்களில் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மைக் என் கைக்கு வந்தது. பூஜைக்கென்று வந்த படம் தீபாவளி நெருங்கும்வரை ஓடியது. வள்ளியூர் பக்கத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்தார்கள். அரிசி ஆலைக்காரரும் வந்தார். டேப் கொண்டுவரவில்லை, வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். குடோன் பேச்சை அதன் பிறகு முதலாளி எடுக்கவே இல்லை.

படம் முடிந்து அடுத்த பெட்டியை வாங்கிக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து திரும்பினேன். பஸ் எங்கள் தியேட்டரை நெருங்கியது. அங்கே இறங்க வேறு யாரும் இல்லை. வழக்கம்போல அடுத்த ஊருக்குப் போய் நடந்து வரத்தான் கால் தயாரானது. ஏனோ ஆப்பரேட்டர் அண்ணாச்சியின் முதுகு நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தேன்.

"அண்ணாச்சி, இங்கன ஒரு இறக்கம் இருக்கு."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர் ஊதாமல் திரும்பினார். "ஏ, இது அந்த பேன் குரல்லா!" என்றார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எதற்கு இத்தனை வருடம் பயந்தேனோ, அதேதான் நடந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பஸ் நின்றது. பெட்டியை இறக்கப் போனவனைக் கண்டக்டர் விடவில்லை. "என் வீட்டுக்காரி தெனமும் சொல்லுதா. அந்த லீவு வசனத்தை ஒரு தடவை சொல்லிட்டு எறங்கும்" என்றார்.

படியில் நின்றபடி, பெட்டியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை முகங்களையும் பார்த்துச் சொன்னேன். "போதும் ராசா..." என்று தொடங்கி, "பைய கண்ணை மூடு" என்று முடித்தேன். குறும்பு பிடித்த டிரைவர் சரியாக அந்த நேரத்தில் இன்ஜினை அணைத்தார். பஸ்ஸே அதிரும்படி கைதட்டினார்கள். பிறகு டிரைவர் சாவியைத் திருப்பினார். பஸ் கிளம்பவில்லை. மறுபடி திருப்பினார். ஓர் உறுமல்கூட இல்லை.

"ஏ, நெசமாவே லீவு எடுத்துட்டுவே" என்றார் டிரைவர்.

பெட்டியை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு நானும் பஸ்ஸைத் தள்ளினேன். சிரித்துச் சிரித்துத் தள்ள முடியாமல் தள்ளினோம். அது கிளம்பிப் போகும்போது ஜன்னலுக்கு ஜன்னல் கை ஆட்டினார்கள், நானும் ஆட்டினேன்.

இன்றைக்கும் எனக்குக் கூச்சம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் நாலு பேர் முன்னால் வாய் அடைக்கும்போதெல்லாம், கார்பனைப் பார்த்துத் திரும்பி நின்ற அந்த ஒரு முதுகை நினைத்துக்கொள்கிறேன், அந்த ஒருவருக்கு மட்டும் சொல்வதாக நினைத்துச் சொல்லிவிடுகிறேன், ஊர் முழுக்கக் கேட்டுவிடுகிறது.